முகப்பூச்சுப் புட்டியும் பிறைத் தொழிற்சாலையும்

பினாங்கின் ஜுருவிலிருந்து பிறைத் தொழிற்பேட்டைக்குச் சில கிலோமீட்டர்தான். அங்கே ஐ.ஓ.ஐ. ஆசிட்கெம் ஆலை செம்பனை எண்ணெயைப் பிளந்து கொழுப்பமிலங்களையும் கிளிசரினையும் பிரித்தெடுக்கிறது. முகப்பூச்சு, கண்டிஷனர், குழந்தைகளுக்கான லோஷன் என எதை எடுத்தாலும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பெயர்களில் பலவற்றுக்கு இப்படிப்பட்ட ஆலைகள்தான் பிறப்பிடம். அந்தப் பெயர்களைப் படித்தாலோ நம்மில் பலருக்கு அச்சம் வந்துவிடுகிறது. அதிகம் பழி சுமப்பது ‘சீட்டியரைல் ஆல்கஹால்’. ஆல்கஹால் என்றாலே தோலை உலர்த்தும், முடியைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த அச்சம் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்பதே என் கருத்து. நாம் கேட்க வேண்டிய கேள்வி, பல புட்டிகளில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ‘சீட்டியரெத்-20’ என்ற பொருளைப் பற்றியது. அந்தக் கேள்விக்கான விடை எந்தப் புட்டியிலும் அச்சாவதில்லை.

முதலில் இந்தப் பொருள்கள் என்ன வேலை செய்கின்றன என்று பார்ப்போம். எண்ணெயும் நீரும் தாமாகச் சேர்ந்திருக்காது. தேங்காய்ப்பாலில் அவற்றைப் பிடித்து வைத்திருப்பவை அதிலுள்ள புரதங்கள். அதிகம் கொதித்தால் பிடி தளர்ந்து பால் திரிந்துவிடும். கடையில் விற்கும் கிரீம் நம் ஊர் வெயிலில், மூடிய காருக்குள் கிடந்தாலும் திரியக்கூடாது. அதனால் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். இவற்றைத்தான் எமல்சிஃபையர், தமிழில் பால்மமாக்கி, என்கிறோம். சீட்டியரைல் ஆல்கஹால் 16, 18 கரிம அணுக்கள் கொண்ட இரண்டு கொழுப்பு ஆல்கஹால்களின் கலவை. பார்ப்பதற்கு வெள்ளை மெழுகு. ஏறக்குறைய 50 பாகை செல்சியஸில் உருகும். சாராயத்தில் இருப்பதோ இரண்டே கரிம அணுக்கள் கொண்ட, நொடியில் ஆவியாகும் திரவம். இரண்டும் வேதியியலில் ஒரே குடும்பம் என்பது உண்மைதான். ஆனால் தோலின்மேல் அவை நடந்துகொள்ளும் விதம் நேர் எதிர். சாராய வகை தோலை உலர்த்தும், மெழுகு வகை தோலின் ஈரத்தைக் காக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1817-இல் இந்த வகையின் முதல் பொருளைத் திமிங்கிலத்தின் தலைக் கொழுப்பிலிருந்து எடுத்தார். இன்று திமிங்கிலம் தேவையில்லை. செம்பனை எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய 44 விழுக்காடு அதே 16 கரிம அணு நீளம் கொண்டது. 1917-இல் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியதிலிருந்து, தலைமுறை தலைமுறையாக நம்மவர் உழைப்பும் அந்த எண்ணெய்க்குள் இருக்கிறது.

பாதுகாப்பு பற்றிய சான்றுகளும் இப்பொருளுக்குச் சாதகமாகவே இருக்கின்றன. அமெரிக்காவின் அழகுப்பொருள் மூலப்பொருள் ஆய்வுக் குழு 1988-இலேயே இதைப் பாதுகாப்பானது என்று மதிப்பிட்டது. ஒவ்வாமை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. காலில் ஆறாத புண்ணோடு நெடுநாள் மருந்துக் களிம்பு பூசுபவர்களிடம் அது காணப்படுகிறது, மற்றவர்களிடம் அரிது. இதைவிடத் தெளிவான பாடம் ‘அக்வியஸ் கிரீம்’ தருவது. வறண்ட தோலுக்கு நம் மருத்துவமனைகளிலும் கொடுக்கப்பட்டு வரும் எளிய வெள்ளைக் கிரீம் அது. எக்சிமா உள்ள குழந்தைகளுக்கு அது எரிச்சலூட்டக்கூடும் என்று 2013-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கிரீமில் உள்ள பால்மமாக்கி மெழுகில் பத்தில் ஒன்பது பங்கு நாம் பேசும் கொழுப்பு ஆல்கஹால், ஒரு பங்கு சோடியம் லாரைல் சல்ஃபேட் என்ற சலவைப் பொருள். எரிச்சலுக்குக் காரணமாகச் சுட்டப்பட்டது அந்த ஒரு பங்குதான். கொழுப்பு ஆல்கஹால் தனியாக எண்ணெயையும் நீரையும் உறுதியாகப் பிணைத்துவிடாது. அதற்கு எப்போதும் ஒரு துணை வேண்டும். ஒரு கிரீம் நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் அந்தத் துணையைப் பொறுத்தது.

இன்று பரவலாகச் சேர்க்கப்படும் துணைகளில் ஒன்று சீட்டியரெத்-20. அதே கொழுப்பு ஆல்கஹாலோடு எத்திலீன் ஆக்சைடு வாயுவை, மூலக்கூறு ஒன்றுக்குச் சராசரியாக இருபது அலகுகள் என்ற கணக்கில் சேர்த்தால் இது கிடைக்கிறது. எத்திலீன் ஆக்சைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. தயாரித்து முடித்த பொருளில் அந்த வாயு அப்படியே இருப்பதில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் தயாரிப்பின்போது 1,4-டையாக்சேன் என்ற உபபொருள் உருவாகிறது. அதே முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியமுள்ளவற்றில் வைத்திருக்கிறது. வெற்றிட முறையில் அதை வெகுவாக உறிஞ்சி எடுத்துவிடலாம். ஓர் ஆலை அதைச் செய்யும், இன்னொன்று அரைகுறையாக விடும். இரண்டின் புட்டியிலும் ஒரே பெயர்தான் அச்சாகும், ஏனென்றால் மூலப்பொருளோடு ஒட்டி வரும் அசுத்தம் சட்டத்தின் பார்வையில் சேர்மானம் ஆகாது.

அளவு மிகச் சொற்பம், இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேற்படாத டையாக்சேனால் பயனீட்டாளருக்கு ஆபத்தில்லை என்று ஐரோப்பிய அறிவியல் குழு 2015-இல் கருத்துச் சொன்னது. ஒரு ஷாம்பு புட்டியால் ஒருவருக்கு நோய் வரும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் குளித்த நீர் எங்கே போகிறது? டையாக்சேன் நீரோடு முழுதாகக் கலந்துவிடும், எளிதில் சிதையாது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நிலத்தடிக் குடிநீரிலேயே அது தென்பட்டது. அதன்பின் அந்த மாநிலம் சட்டம் இயற்றி, அழகுப் பொருள்களுக்கு 2022 இறுதியிலிருந்து பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, குளியல், சலவைப் பொருள்களுக்கு 2023 இறுதியிலிருந்து ஒரு பங்கு என்று உச்சவரம்பு விதித்தது. சில நிறுவனங்கள் அவகாசம் கேட்டுப் பெற்றன. ஆனாலும் சுத்திகரிக்க முடியாது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

அரசு பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த பதில். ஆசியான் உடன்பாட்டின்படி 2008 முதல் இங்கே அழகுப் பொருள்களுக்கு முன் அனுமதி முறை கிடையாது. நிறுவனம் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்கிறது, ‘நோட்’ என்று தொடங்கும் எண்ணைப் பெறுகிறது, விற்கிறது. பொருள் சந்தைக்கு வந்த பிறகுதான் சோதனை. முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம்களில் பாதரசம் இருப்பது மறுபடி மறுபடி கண்டுபிடிக்கப்படுவதே இந்த முறையின் எல்லையைக் காட்டும். எண் இல்லாத பொருளை வாங்காதீர்கள் என்ற அறிவுரை சரியானது. அதோடு நின்றுவிட முடியாது.

இதெல்லாம் எதற்கு, தேங்காய் எண்ணெயும் சீயக்காயும் போதாதா என்பவர்களும் உண்டு. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். எண்ணெய்க்குப் பால்மமாக்கி தேவையில்லை. ஆனால் எக்சிமாவுக்கான களிம்பையும் வெயில் தடுப்புக் கிரீமையும் அதைக் கொண்டு ஈடுசெய்ய முடியாது. ‘ரசாயனமே இல்லை’ என்று இணையத்தில் விற்கும் வீட்டுத் தயாரிப்புகளைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. நீர் கலந்த எந்தக் கிரீமும் பாதுகாப்புப் பொருள் இல்லாவிட்டால் இந்த வெப்பத்தில் கிருமிகளுக்கு விளைநிலம். ஒரு தாய் சீட்டியரைல் ஆல்கஹால் என்ற பெயருக்குப் பயந்து நல்ல களிம்பைத் தூக்கியெறிந்துவிட்டு, இப்படிப்பட்ட ஒன்றைக் குழந்தையின் புண்பட்ட தோலில் தடவினால் அதுதான் உண்மையான தீங்கு.

தொழிற்சாலைகள் தாமாகவே எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடும் என்று நம்ப ஜுருவுக்குக் காரணமில்லை. 1970-களில் பிறைத் தொழிற்பேட்டைக் கழிவால் ஜுரு ஆறு கெட்டு, கோலா ஜுரு மீனவர்களின் பிழைப்பு போனது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்கள் பக்கம் நின்றது. ஆற்றில் என்ன கலக்கிறது என்று கேட்கும் உரிமை மீனவருக்கு உண்டென்றால், புட்டியில் என்ன கலந்து வருகிறது என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கும் உண்டு. எத்திலீன் ஆக்சைடு சேர்த்துச் செய்த பொருள் எதுவானாலும், ஒவ்வொரு தொகுதியிலும் அளக்கப்பட்ட டையாக்சேன் அளவை ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பதிவில், அந்த ‘நோட்’ எண்ணுக்கு நேரே, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அளக்கும் கருவியும் முறையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் விற்க நினைக்கும் உற்பத்தியாளர் அங்குள்ள வாடிக்கையாளருக்காக எப்படியும் அளந்தாக வேண்டியிருக்கும். அதே எண் ஜுருவில் வாங்குபவருக்கும் தெரியட்டும்.