இரவு வேலைக்காரன் பக்கம்: பயம் காட்டும் கடிதங்கள்



சென்ற இதழில் குளிர்காலச் சப்பாத்து வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு வேலைத்தலத்தில் இரண்டு மூன்று பேர் வந்து கதைத்தார்கள். சந்தோஷம். ஆனால் இந்த முறை எழுதப்போவது எனக்குச் சந்தோஷமான விடயம் அல்ல. நான் விட்ட பிழை ஒன்றைப் பற்றியது. எழுதுவதா விடுவதா என்று இரண்டு கிழமை யோசித்தேன். "நீங்கள் எழுதாட்டி இன்னும் நாலு பேர் ஏமாறுவினம்" என்று மனைவி சொன்னபடியால் எழுதுகிறேன்.

நான் கணனி படித்தவன் அல்ல. சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வயதில், 2009 ஆம் ஆண்டு, வன்னியில் பங்கருக்குள் இருந்தவன். அதோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், பெட்டி அடைக்கும் பகுதியில் இரவு வேலை. ஆகையால் இங்கே பெரிய கணனிப் பாஷை இருக்காது. எனக்கு விளங்கிய அளவில்தான் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் சம்பளச் சீட்டை இப்போது கடதாசியில் தருவதில்லை. ஒவ்வொருவருக்கும் கொம்பனிப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் தந்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் இருக்கும் கணனியில் அதைத் திறந்து பார்க்கலாம். கடந்த பெப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை இரவு, இரண்டு மணி இடைவேளையில் நான் அதைத் திறந்தேன். சம்பளப் பகுதியிலிருந்து என்று ஒரு கடிதம் வந்திருந்தது. கொம்பனியின் அடையாளப் படமும் அதில் இருந்தது. உமது வங்கிக் கணக்கில் சம்பளம் போட முடியவில்லை, இன்றிரவுக்குள் விபரங்களை உறுதிப்படுத்தாவிட்டால் வெள்ளிக்கிழமை சம்பளம் வராது, கீழே அழுத்தவும் என்பதுதான் அதன் சாரம்.

முதலாம் திகதி வாடகை கொடுக்கவேண்டும். கண்ணிலே நித்திரை. அழுத்திவிட்டேன். நாங்கள் வழமையாகப் பார்க்கும் பக்கம் போலவே ஒன்று வந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு வெறும் வெள்ளைப் பக்கமாக நின்றது. அப்போதுதான் மனதில் ஏதோ உறுத்தியது. திரும்பிப் போய் அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தேன். கொம்பனியின் பெயர்தான். ஆனால் அதில் 'எல்' என்ற எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 1 என்ற இலக்கம் இருந்தது.

அந்த நிமிடமே சுப்பர்வைசரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மனிதர் இருபது அடி தூரத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார். நான் போகவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். பொலிஸ் வந்து, எனது கோப்பில் ஏதாவது எழுதி, வதிவிட அலுவல் குழம்பிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒலிபெருக்கியில் ஒருவரின் பெயரைக் கூப்பிட்டால், அவர் மட்டுமல்ல, அந்த வரிசைக் கொட்டில்களில் இருக்கும் எல்லோரும் நடுங்கிப்போவார்கள். கூப்பிடுவது அரிசி கொடுக்கவா, விசாரிக்கவா என்று தெரியாது. அந்தப் பழக்கம் இங்கு வந்தும் போகவில்லை. பெயர் வெளியே தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று உடம்பு நினைக்கிறது. பேசாமல் போய் லைனில் நின்று பெட்டி அடைத்தேன்.

காலை ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் மனம் கேட்கவில்லை. சுப்பர்வைசரிடம் போய் எனது அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஏசவில்லை. உடனே கணனிப் பகுதிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் எனது கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் பார்த்தபோது, அந்த நாலு மணித்தியாலத்துக்குள் எனது முகவரியிலிருந்து, எனது பெயரில், அதே கடிதம் கூட வேலை செய்பவர்களுக்குப் போயிருந்தது. அவர்களில் ஓர் அக்கா அதை அழுத்தியிருந்தா. அவ இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்தான். இரண்டு பிள்ளைகள். சம்பளப் பக்கத்தில் அவவின் வங்கி இலக்கத்தை எடுத்துவிட்டு வேறு யாரோ ஒருவருடைய இலக்கத்தைப் போட்டுவிட்டார்கள்.

காரியாலயம் அன்றைக்கே அதைக் கண்டுபிடித்துத் திருத்தியபடியால் வெள்ளிக்கிழமை அவவின் சம்பளம் அவவுக்கே வந்தது. நான் இன்னும் ஒரு நாள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இரண்டு கிழமை உழைப்பு போயிருக்கும். ஆனால் அக்கா சொன்ன ஒரு வார்த்தைதான் இன்னும் காதுக்குள் நிற்கிறது. "தம்பி, நீ அனுப்பினது எண்டபடியால்தான் நான் பயப்படாமல் அமத்தினனான்."

தெரிந்தவரின் பெயரில் வந்தால் நம்பலாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். இது புதிய தந்திரம் அல்ல என்று கணனிப் பகுதியில் வேலை செய்யும் பொடியன் சொன்னான். 2000 ஆம் ஆண்டு மே 4 ஆம் திகதி 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து கிளம்பியது. அதனோடு காதல் கடிதம் என்று பெயர் வைத்த ஒரு கோப்பு இணைக்கப்பட்டிருந்தது. பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்பு. உண்மையில் அது கணனிக்குக் கட்டளையிடும் ஒரு நிரல். திறந்தவுடனே, அந்தக் கணனியில் எத்தனை பேரின் முகவரி இருக்கிறதோ அத்தனை பேருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. படக் கோப்புகளையும் அழித்தது. சில நாட்களுக்குள் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான டொலர் நட்டம். பிரித்தானியப் பாராளுமன்றமே மின்னஞ்சலை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் அந்நியரிடமிருந்து வராததுதான். ஒவ்வொருவருக்கும் தனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்தே வந்தது.

இன்னொரு சம்பவம் எங்களைப் போலத் தொழிற்சாலைக்காரரைப் பற்றியது. நோர்வேயில் நோர்ஸ்க் ஹைட்ரோ என்று ஒரு பெரிய அலுமினியக் கொம்பனி. 40 நாடுகளில் ஏறக்குறைய 35,000 பேர் வேலை செய்தார்கள். 2019 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆம் திகதி காலையில் வேலைக்கு வந்தவர்களுக்கு, கணனியைத் தொடவேண்டாம் என்று வாசலிலே கடதாசியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கோப்புகள் எல்லாவற்றையும் யாரோ பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். விசாரித்துப் பார்த்தால், சில மாதங்களுக்கு முன் ஒரு தொழிலாளி, நன்கு தெரிந்த வாடிக்கையாளரிடமிருந்து வந்த மின்னஞ்சலில் இருந்த கோப்பைத் திறந்ததுதான் தொடக்கம். கொம்பனி ஒரு சதமும் கொடுக்கவில்லை. நடந்ததை ஒளிக்கவும் இல்லை. முதல் நாளிலேயே பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு வெளிப்படையாகச் சொன்னது. தொழிலாளர் பேனையும் கடதாசியும் எடுத்து, கையாலே அலுவல் பார்த்து வேலையை ஓட்டினார்கள். அவ்வளவு பெரிய கொம்பனி வெட்கப்படாமல் சொன்ன விடயத்தை நான் நாலு மணித்தியாலம் மறைத்தேன்.

இனி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இது நடந்து ஒரு மாதத்துக்குள் மனைவிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. குடிவரவுத் திணைக்களம் என்று போட்டிருந்தது. உங்கள் விண்ணப்பத்தில் பிழை, இரண்டு மணித்தியாலத்துக்குள் 480 டொலர் கட்டாவிட்டால் கோப்பு மூடப்படும், கடையில் பரிசு அட்டை வாங்கி அதன் இலக்கத்தை அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். நான் அப்போது வேலையில். மனைவிக்குக் கை கால் ஓடவில்லையாம். ஆனாலும் ஒன்றும் அழுத்தவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்தினா. நான் வந்ததும், "இஞ்சேருங்கோ, இதை ஒருக்கால் பாருங்கோ, நீங்கள் வந்தாப்பிறகு பாப்பம் எண்டு வைச்சனான்" என்று காட்டினா. அவர்கள் சொன்ன இரண்டு மணித்தியாலம் எப்போதோ கடந்திருந்தது. கோப்பு மூடப்படவும் இல்லை, ஒன்றும் நடக்கவும் இல்லை. அவ ஓர் இரவு பொறுத்தா. நான் மூன்று நிமிடம் பொறுக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

வந்து கொஞ்சக் காலமேயான குடும்பங்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை சில:

1. கனடாவின் குடிவரவுத் திணைக்களம் பரிசு அட்டையிலோ, வெஸ்ரேண் யூனியன், மணிகிராம் மூலமோ ஒருநாளும் காசு கேட்காது. கைது செய்வோம், நாடு கடத்துவோம் என்று வெருட்டிக் காசு வாங்காது. வருமான வரித் திணைக்களமும் பரிசு அட்டை கேட்பதில்லை. அது திருப்பித் தரும் பணம் செக்காக வரும் அல்லது நேரே வங்கிக்கு வரும். மின்னஞ்சலில் வரும் பணத்தை அழுத்தி எடுங்கள் என்று சொன்னால் அது பொய்.

2. மேலே தெரியும் பெயரைப் பார்க்காதீர்கள். பெயரை யாரும் எப்படியும் போடலாம். முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முகவரி சரியாக இருந்தாலும், காசோ கடவுச்சொல்லோ கேட்டால் அந்தக் கடிதத்துக்குள் இருப்பதை அழுத்தாதீர்கள். வங்கி அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். வேலைத்தலம் என்றால் காரியாலயத்துக்கு நடந்து போய்க் கேளுங்கள். சிநேகிதர் என்றால் தொலைபேசியில் அவரது குரலைக் கேளுங்கள்.

3. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைக்கவேண்டாம். கைத்தொலைபேசிக்கு ஓர் இலக்கம் வந்து அதையும் போட்டால்தான் திறக்கும்படி செய்து வையுங்கள். கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுவது போல. அந்த இலக்கத்தை வங்கிக்காரன் என்று சொல்லிக் கேட்டாலும் கொடுக்கவேண்டாம்.

4. பிள்ளைகளின் படிப்புக்குப் பழைய கணனி வாங்குபவர்கள் கவனியுங்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொவ்ற் 2025 ஒக்ரோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. வாங்கும்போது விண்டோஸ் 11 ஓடுமா என்று கேளுங்கள். வைரஸ் தடுப்பு அதற்குள்ளேயே இருக்கிறது, புறம்பாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. திரையில் திடீரென்று, உங்கள் கணனியில் வைரஸ், இந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள் என்று வந்தால் எடுக்கவேண்டாம். மைக்ரோசொவ்ற்றின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி இலக்கம் இருக்காது.

5. யாரென்று தெரியாத குப்பை மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதவேண்டாம். இனி அனுப்பவேண்டாம் என்று அழுத்துவதற்கு இடம் வைத்திருப்பார்கள். 2014 ஜூலை 1 இலிருந்து நடைமுறையில் உள்ள கனடாச் சட்டப்படி, விளம்பரம் அனுப்பும் நேர்மையான கடைகள் அந்த வசதியைக் கொடுக்கவேண்டும். ஆனால் கள்ளன் அனுப்பியதில் அதை அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாங்களே அறிவித்ததாகிவிடும். அப்படியே அழித்துவிடுங்கள். கைத்தொலைபேசிக்கு வரும் பொய்க் குறுஞ்செய்தியை 7726 என்ற இலக்கத்துக்கு அனுப்பினால் தொலைபேசிக் கொம்பனி பார்த்துக்கொள்ளும்.

6. அழுத்திவிட்டீர்களா? உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கி விபரம் கொடுத்திருந்தால் அந்த நேரமே வங்கிக்கு எடுங்கள். வேலைத்தலக் கணனி என்றால் சுப்பர்வைசரிடம் போங்கள். காசு போயிருந்தால் பொலிசுக்கும், கனடாவின் மோசடித் தடுப்பு நிலையத்துக்கும் அறிவிக்கலாம். இலக்கம் 1-888-495-8501. ஆங்கிலம் கஷ்டம் என்றால் குடியேற்ற உதவிக் காரியாலயத்தில் இருப்பவரை அல்லது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

இந்த ஆறிலும் கடைசியைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஏமாற்றப்பட்டதற்காக இந்த நாட்டில் யாரும் உங்களை நாடு கடத்தப் போவதில்லை. ஏமாந்தவர் குற்றவாளி அல்ல, ஏமாற்றியவன்தான் குற்றவாளி. எனக்கு வேலை போகவில்லை, கோப்பிலும் ஒன்றும் எழுதவில்லை. இந்தக் கடிதங்களை எழுதுபவர்களுக்கு எங்களை யாரென்று தெரியாது. ஆனால் வாடகை, விசா, சம்பளம் என்ற மூன்று சொல்லுக்கும் நாங்கள் பயப்படுவோம் என்பது நன்றாகத் தெரியும். அவசரப்படுத்துவது ஏன்? நாங்கள் இன்னொருவரிடம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே கேளுங்கள். மனைவியிடம் கேளுங்கள், பிள்ளையிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டு அண்ணையிடம் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

சுப்பர்வைசர் இப்போது சாப்பாட்டு அறைக் கணனிக்கு மேலே ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார். அந்த அக்கா ஒரு பேனையை எடுத்து அதன் கீழே தமிழில் ஒரு வரி எழுதிவிட்டா: "அமத்த முதல் ஆரையாவது கேளுங்கோ." அடுத்த நாள் பார்த்தால், பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் தங்கள் பாஷையில் ஒரு வரி எழுதியிருந்தார். சோமாலியத் தம்பி ஒருவன் தங்கள் பாஷையில் எழுதியிருந்தான். இப்போது அந்தக் கடதாசியில் இடமில்லை.

அடுத்த இதழில் வருமான வரிப் படிவம் நிரப்புவது பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். அதுவரை சுகமாக இருங்கள்.