புயலுக்கு முன்பே பழகவேண்டிய குரல்

நாகப்பட்டினம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வேதாரண்யம் தாலுகாவில் வசிப்பவனும், அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவனுமாகிய ஒரு பள்ளி ஆசிரியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்து சென்றபின், தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்த காட்சியைக் காட்டிலும் என் நெஞ்சைக் கலக்கியது, ஊரைச் சூழ்ந்திருந்த மௌனமே. மின்கம்பங்கள் முறிந்து, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்துவிட்ட அந்நாட்களில், புஷ்பவனத்தில் இருந்த என் தமக்கை உயிரோடிருக்கிறாளா என்பதை, சில மைல் தொலைவிலேயே இருந்த நான், மூன்றாம் நாள் விழுந்த மரங்களுக்கிடையே சைக்கிளைத் தூக்கியும் உருட்டியும் போய் நேரில் கண்டே அறிந்தேன். அவள் நலமாயிருந்தாள். ஆயினும் அந்த மூன்று நாட்களின் வேதனைதான், ‘ஹாம் ரேடியோ’ என்று வழங்கும் அமெச்சூர் வானொலிக் கலையைக் கற்க என்னைத் தூண்டியது.

இக்கலை ஆபத்துக் காலத்தில் எவ்வளவு பிரயோஜனமானது என்பதற்கு அந்தமானே சாட்சி. பல ஆண்டுகள் ஹாம் வானொலிக்கு இடமில்லாதிருந்த அத்தீவுகளில், 2004 டிசம்பரில், விசேஷ அனுமதி பெற்றுப் போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்து உலகெங்குமுள்ள ‘ஹாம்கள்’ எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களுடன் பேசிக்கொண்டிருந்தார் திருமதி பாரதி பிரசாத். 26-ஆம் தேதி பூமி அதிர்ந்து சமுத்திரம் பொங்கியபோது, பொழுதுபோக்குக்கென வைத்திருந்த அதே கருவி, தீவுகளில் பிழைத்திருந்தோரின் செய்திகளைத் இந்தியப் பெருநிலத்துக்குச் சொல்லும் வாயாயிற்று. ஆனால் அவர் அங்கே அன்று இருந்தது தற்செயல். அதே அலையால் ஆயிரக்கணக்கான உயிர்களை இழந்த நம் நாகைக் கரை, இனியும் தற்செயலை நம்பியிருக்கலாகாது என்பதே என் முறையீட்டின் சாரம்.

உபகரணங்களைப் பற்றித் தாங்கள் மலைக்கவேண்டியதில்லை. கார் பேட்டரியில் இயங்கும், ‘ரிக்’ எனப்படும் ஒரு வானொலிக் கருவியும், சுமார் 20 மீட்டர் நீளமுள்ள ஒரு செம்புக் கம்பியும் போதும். கம்பியை இரண்டு மரங்களுக்கிடையே கட்டிவிடலாம். மிக உயரத்தில் கட்டவும் வேண்டாம். தாழக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே சென்று, அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் பிரதேசத்தில் மழைபோல் இறங்குமாதலால், இடையிலே கோபுரமோ கேபிளோ இல்லாமலே கோடியக்கரையில் பேசுவதைச் சென்னையில் கேட்கலாம். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் உதவும். இரவில் அவ்வலை அண்மையை விட்டுத் தொலைதூரம் தாவிவிடுவதால் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கவேண்டும். ஊருக்குள் பேசிக்கொள்ள ‘ஹேண்டி’ எனப்படும் கையடக்கமான கருவி உண்டு. 5 வாட் சக்தியில் சில கிலோமீட்டர் எட்டும். இவையெல்லாம் புத்தகத்திலேயே இருக்கின்றன. இரைச்சலுக்கு நடுவே மங்கலாக வரும், ஒரு நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியைப் பிரித்தறிவதும், பதற்றத்தோடு வரும் செய்தியைச் சுருக்கி எழுதித் திரும்பப் படித்துக் காட்டுவதும் மட்டும் பழக்கத்தால் அன்றி வாரா.

கருவியை ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதை இயக்குபவரை ஒரே நாளில் உண்டாக்க இயலாது. 12 வயது நிரம்பிய எவரும் மத்திய அரசின் தேர்வை எழுதலாம். மோர்ஸ் தந்திக் குறிகள் அறியாதவர்க்கும் ஒரு நிலை உரிமம் உண்டு. எனினும் படிப்பு, தேர்வு, அரசின் சரிபார்ப்பு என்று, என் விஷயத்தில் ஓராண்டுக்கு மேல் சென்றது. புயல் சின்னம் தோன்றியபின் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். வயர்லெஸ் காவல்துறையிடம் இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். உண்டு, ஆனால் அது தன் கடமைக்கே போதாத வேளையில், எந்தக் கிராமத்தில் குடிநீர் இல்லை, எந்த முகாமில் பிரசவ வேதனையில் ஒரு பெண் தவிக்கிறாள் என்பதைச் சொல்ல இன்னொரு வழி வேண்டும்.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் தாங்களே. வழக்கமான தொடர்புகள் அற்றுப்போகும் வேளையில் மாவட்ட ஆட்சித் தலைவர் போன்ற அதிகாரிகளின் செய்திகளை ஹாம்கள் சுமந்து செல்லலாம் என்று அமெச்சூர் வானொலி விதிகளும் இடமளிக்கின்றன. ஆகையால், கடலோர அரசு மேல்நிலைப் பள்ளிகளின் இயற்பியல் ஆசிரியர்களுக்கும் ஆர்வமுள்ள மீனவ இளைஞர்களுக்கும் வரும் கோடை விடுமுறையிலேயே ஒரு பயிற்சி வகுப்பு நடத்தவும், புயல் பாதுகாப்பு மையங்களின் கூரைமீது ஆன்டெனா கட்டவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். ஆண்டுக்கு ஒருநாள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், தொலைபேசியைத் தொடாமல் கோடியக்கரையிலிருந்து தங்கள் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பும் ஒத்திகையும் நடக்கவேண்டும்.

வகுப்பெடுக்க நான் ஊதியமின்றி வரத் தயார். இடமும் தேதியும் தாங்கள் குறித்தருள வேண்டும்.