குத்துச் சண்டையா, கூத்துச் சந்தையா?

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்திலே, ஆர்லிங்டன் அரங்கிலே, 2024 நவம்பர் 15 அன்று எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். எதற்கு? 58 வயது மைக் டைசனை 27 வயது ஜேக் பால் அடிப்பதைப் பார்க்க!

டைசன் 1986-லே, இருபதே வயதில், உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்தவர். 2005-லே களத்தை விட்டவர். ஜேக் பாலோ இணையத்தில் வேடிக்கைப் படம் காட்டிப் பெயரெடுத்த பிள்ளை. பந்தயத்தை நடத்திய கம்பெனியிலும் அவர் ஒரு முதலாளி. சரக்கும் அவரே, கடைக்காரரும் அவரே!

முதல் நாள் எடை பார்க்கும் சடங்கு. ஜேக் பால் நாலு காலில் தவழ்ந்து வந்தார். டைசன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். நாம் அறிந்தவரை, டைசன் கொடுத்த நல்ல அடி அதுதான்! மறுநாள் எட்டுச் சுற்றிலும் அவர் குத்தியதில் பட்டவை 18. சுற்றுக்கு இரண்டேகால்!

மூன்று நிமிடச் சுற்றை இரண்டாக்கினார்கள். 10 அவுன்ஸ் கையுறை 14 அவுன்ஸாகப் பருத்தது. தலையணையைக் கட்டிக்கொண்டு அடித்தாலும் அது தொழில்முறைப் போட்டியாம். வெற்றி தோல்வி ஏட்டிலே ஏறுமாம்! மாநில அரசின் துறையே முத்திரை குத்தியது. கடைசி மணிக்கு முன் ஜேக் பால் குத்துவதை விட்டுக் குனிந்து வணக்கம் செலுத்தினார். கும்பிட வந்தவருக்குக் கையுறை எதற்கு?

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் போட்டி ஜூலையிலேயே நடக்கவேண்டியது. இடையிலே டைசனுக்கு வயிற்றுப் புண். எட்டு முறை இரத்தம் ஏற்றினார்கள், உடம்பின் பாதி இரத்தம் போயிற்று, சாவின் விளிம்புக்குப் போனேன் என்று பிறகு அவரே எழுதினார். வியாபாரிகள் போட்டியைக் கைவிட்டார்களா? தேதியைத்தான் மாற்றினார்கள்! டைசனுக்கும் பெரும் பணம் கிடைத்தது. வருத்தமில்லை என்றும் சொன்னார். மறுக்கவில்லை. அடிபட்ட தொழிலாளிக்கு அவசரமாகத் தகுதிச் சீட்டு எழுதி, மறுபடி இயந்திரத்தின் முன் நிறுத்தும் வித்தையை நம் தோழர்கள் அறிவார்கள். அவனும் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு, வருத்தமில்லை என்றுதான் சொல்வான்.

ஒளிபரப்பிய நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி, ஆறு கோடி வீடுகளில் பார்த்தார்கள் என்று மார்தட்டியது.

அதே மேடையில், அதற்குச் சற்றுமுன், இரண்டு பெண்கள் மோதினார்கள்: கேட்டி டெய்லர், அமண்டா செரானோ. செரானோவின் கண்ணுக்கு மேலே பிளந்து இரத்தம் வழிந்தது. பத்துச் சுற்றும் நின்று அடித்தார். மூன்று நடுவர்களும் 95-க்கு 94 என்று ஒரே ஒரு புள்ளியில் டெய்லருக்குத் தீர்ப்பளித்தார்கள். உண்மையான சண்டை அது. அன்றைய கடையிலே அது கொசுறு!