எண் யாருடையது?

அமெரிக்காவுக்குக் குடிபெயரும் நம்மவர் முதல் வாரத்திலேயே வாங்க முற்படும் பொருள் கைபேசி. வாடகை வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று எதற்குப் போனாலும் உள்ளூர் எண் ஒன்றைக் கேட்கிறார்கள். ஆகவே பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே கடைக்குப் போகிறோம். எந்தக் கருவி, என்ன நிறம், மாதம் எத்தனை டாலர் என்று நெடுநேரம் பேசுகிறோம். வாங்கப்போகும் எண் யார் பெயரில் இருக்கும் என்பதை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுவே என்பது என் கருத்து.

இந்தியாவில் கருவி வேறு, சிம் அட்டை வேறு. கருவியை ஒரு கடையில் வாங்கி, சிம்மை இன்னொரு கடையில் வாங்கிப் பொருத்திக்கொள்ளப் பழகியவர்கள் நாம். அமெரிக்கப் பெருநிறுவனங்களின் கடைகளில் இரண்டையும் சேர்த்தே விற்க முனைவார்கள். மாதக் கடைசியில் பணம் கட்டும் போஸ்ட்பெய்டு திட்டத்தைக் கேட்டவுடன் நம் கடன் வரலாற்றைப் பார்ப்பார்கள். 1989இல் அறிமுகமான ஃபைக்கோ மதிப்பெண் 300இல் தொடங்கி 850 வரை செல்வது. சென்னையில் இருபதாண்டுகள் தவணை தவறாமல் வீட்டுக்கடன் கட்டியவருக்கும் அங்கே பொதுவாக மதிப்பெண்ணே இராது. கடனைத் திருப்பிக் கட்டாதவரும் கடனே வாங்காதவரும் அந்தக் கணினிக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள். முன்வைப்புத் தொகை கொடு, அல்லது மதிப்பெண் உள்ள ஒருவரை அழைத்து வா என்பதே பதில்.

இந்தச் சங்கடத்தைத் தாண்டியவர்களுக்கு ‘இலவசக் கைபேசி’ காத்திருக்கிறது. முன்பு இரண்டாண்டு ஒப்பந்தம் என்றிருந்தது, 2013க்குப் பிறகு படிப்படியாகத் தவணை முறையாக மாறியது. கருவியின் விலையை 24 அல்லது 36 மாதங்களுக்குப் பிரித்து, ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகையைக் கட்டணச் சீட்டில் கழித்துவிடுவார்கள். இடையில் விலகினால் கழிவு நின்றுவிடும், மீதி விலை நம் தலையில் விழும். அதுவரை கருவி பெரும்பாலும் அந்நிறுவனத்தின் சேவையோடு மட்டுமே பூட்டப்பட்டிருக்கும். இந்தப் பூட்டைத் திறக்கலாமா என்பதை அந்த நாட்டில் ஒரு நூலகம் முடிவு செய்தது என்றால் நம்புவது கடினம். 1998ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, விலக்களிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகருக்குரியது. 2006இலும் 2010இலும் தந்த விலக்கை நூலகம் 2012இல் புதிய கருவிகளுக்கு நீட்டிக்கவில்லை. 2013 ஜனவரிக்குப் பின் வாங்கிய சொந்தக் கைபேசியை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது குற்றமாயிற்று. வெள்ளை மாளிகைக்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனு அனுப்பிய பிறகு, 2014 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையை மீட்டுத் தந்தது.

“மாதக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டினால் கடன் மதிப்பெண் வளருமே” என்று நண்பர்கள் சொல்வதுண்டு. கைபேசிக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுவது வழக்கமாகக் கடன் பதிவேட்டுக்குப் போவதில்லை. கட்டாமல் விட்டு, பாக்கி வசூலிப்பவர் கைக்குப் போனால் மட்டும் அது தவறாமல் ஏறிவிடுகிறது.

இனி எண் யார் பெயரில் என்ற விஷயத்துக்கு வருகிறேன். எச்-1பி விசாவில் செல்பவருக்குச் சில வாரங்களில் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைத்துவிடும். உடன் செல்லும் துணைவர் எச்-4 விசாவினர். வேலை செய்யும் அனுமதி இல்லாதவரை அவருக்குப் பொதுவாக அந்த எண் கிடையாது. 2015 மே முதல் எச்-4 விசாவினரில் ஒரு பகுதியினர் வேலை அனுமதி பெற முடிகிறது. ஆனால் வந்திறங்கிய உடனே அல்ல. எச்-4இல் செல்லும் கணவர்களும் உண்டு என்றாலும், செல்வோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பொறியியல் படித்து, ஊரில் சொந்தச் சம்பளத்தில் சொந்தப் பெயரில் கைபேசி வைத்திருந்த பெண், அங்கே கணவரின் குடும்பத் திட்டத்தில் இரண்டாவது இணைப்பாகிறாள். கணக்கு கணவருடையது. அவள் அந்த எண்ணைப் பயன்படுத்துபவள், அவ்வளவே.

இதில் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல், குழந்தை மருத்துவரின் அழைப்பு, பள்ளியின் அறிவிப்பு, தோழிகளின் வாட்ஸ்அப் எல்லாம் அந்த எண்ணில்தான் வருகின்றன. ஓராண்டில் அது அவளுடைய முகவரியாகவே ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் 2003 நவம்பர் முதல் கைபேசி எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் அதற்குக் கணக்கு எண்ணும் மாற்றத்துக்கான ரகசிய எண்ணும் தேவை. அவை கணக்கின் உரிமையாளரிடம்தான் இருக்கும். யாரை எப்போது அழைத்தாள் என்ற பட்டியலையும் அவரால் பார்க்க முடியும். எந்த இரவிலும் இணைப்பைத் துண்டிக்கவும் முடியும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. வன்முறைக்கு உள்ளானவர்கள் குடும்பத் திட்டத்திலிருந்து தம் எண்ணைப் பிரித்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் ஒன்று 2022 டிசம்பரில் அங்கே இயற்றப்பட்டது. உரிய சான்றுடன் கேட்டால் இரண்டு வேலை நாள்களுக்குள் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. ஒரு நாடாளுமன்றம் சட்டமியற்றும் அளவுக்கு அந்த எண் ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆயினும் அடி வாங்கிய பிறகு சான்று தேடி உரிமை பெறுவதைவிட, முதல் நாளே சொந்தப் பெயரில் வாங்குவது எளிது.

நல்ல கணவர்கள் இதைப் படித்துச் சினங்கொள்ள வேண்டாம். இது சந்தேகத்தைப் பற்றிய பேச்சல்ல. கணக்கின் உரிமையாளர் திடீரென்று இறந்துவிட்டால், துக்க வீட்டிலிருந்து சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு எண்ணுக்காக அலைய வேண்டியவரும் அதே மனைவிதான். நம் ஊரில் பெண்ணுக்கு நகை போட்டு அனுப்புவதில் எத்தனையோ குறைகள் உண்டு. ஆனால் ஆபத்துக்கு அவள் கையில் அவளுடையதாக ஒன்று இருக்கட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. இன்று அந்த இடத்தில் ஓர் எண்ணும் இருக்க வேண்டும்.

வழி கடினமானதல்ல. பூட்டில்லாத கருவியை முழு விலை கொடுத்து வாங்கலாம். ஊரிலிருந்தே கொண்டும் போகலாம். அங்கே 3ஜி சேவை 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டதால், 4ஜியிலேயே குரல் அழைப்புக்கு இடம்தரும் கருவியா, அந்த நாட்டு அலைவரிசைகளை ஏற்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஐஃபோன்களில் 2022இன் பதினான்காம் வரிசை முதல் சிம் அட்டை செருகும் இடமே கிடையாது. இந்திய எண்ணுக்கு வரும் வங்கிக் கடவுச்சொல்லை நம்பியிருப்போர் இதை மறக்கலாகாது. பிறகு ஆளுக்கொரு பிரீபெய்டு இணைப்பு, அவரவர் பெயரில், அவரவர் ரகசிய எண்ணோடு. அதற்குக் கடன் மதிப்பெண் வேண்டியதில்லை.

குடும்பத் திட்டத்தில் மாதம் சில டாலர்கள் மிச்சமாகும் என்பது பல வேளைகளில் உண்மைதான். பெருநிறுவனங்களின் கோபுரங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு நிறுவனங்களின் பிரீபெய்டு திட்டங்களைப் பார்த்தால் அந்த வேறுபாடும் மிகவும் குறைந்துவிடுகிறது. உண்மையான தடை பணமன்று, கௌரவம். பிரீபெய்டு என்றால் ஏழைகளின் ஏற்பாடு என்ற எண்ணம் அந்நாட்டில் உண்டு. போன சில மாதங்களில் நம்மவருக்கும் அது தொற்றிவிடுகிறது. ஊரில் நம் பெற்றோரும் நாமும் ஆண்டுக்கணக்கில் ரீசார்ஜ் செய்து பேசியவர்கள்தாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைக்குப் புதுக் கருவி இல்லாமற்போனாலும் பாதகமில்லை, பெயருக்கு ஓர் எண் இருக்கட்டும்.