இயந்திரம் தந்த ஓய்வா?

இயந்திரம் வந்தபின் மனிதனுடைய சிரமம் குறைந்தது என்றும், 8 மணி நேர வேலையும் வார விடுமுறையும் ஆலைத்தொழிலின் அபிவிருத்தி தானாகவே தொழிலாளிக்கு அளித்த பிரசாதங்கள் என்றும் ஓர் அபிப்பிராயம் படித்தவர் நடுவே வேரூன்றிக் கிடக்கிறது. சரித்திரம் இதற்கு நேர்விரோதமாகச் சாட்சி சொல்கிறது. போராடிப் பெற்றவர்களுக்குச் சேரவேண்டிய புண்ணியத்தை, அவர்களை எதிர்த்து நின்றவர்களின் கணக்கில் எழுதிவைக்கும் அநீதியே இந்த அபிப்பிராயம்.

1771-இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் இங்கிலாந்தின் கிராம்போர்டு என்னும் ஊரில் நீர்விசையால் ஓடும் நூற்பாலையை நிறுவத் தொடங்கியபின், நூற்கும் வேகம் பன்மடங்கு பெருகியது மெய்யே. ஆயினும், இயந்திரத்தில் முதலைப் போட்டவருக்கு அது நிற்கும் ஒவ்வொரு நாழிகையும் நஷ்டமாகத் தோன்றியபடியால், ஆலை இரவும் பகலும் ஓடலாயிற்று. பின்னர் வந்த வாயுவிளக்கு, சூரியாஸ்தமனம் உழைப்பவனுக்கு அளித்துவந்த விடுதலையையும் பறித்துக்கொண்டது. தோள்வலிமை வேண்டாத வேலைக்குக் குறைந்த கூலியில் பெண்டிரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். ஓடுகின்ற இயந்திரத்தின் அடியில் தவழ்ந்து உதிர்ந்த பஞ்சைத் திரட்டுவதும், அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முறுக்கிச் சேர்ப்பதும் சிறுவர்களின் வேலை. இயந்திரம் அவர்களுக்காக நின்றதில்லை. 9 வயதுக்கு உட்பட்டவர்களை நெசவாலைகளில் அமர்த்தலாகாது என்று 1833-இல் ஒரு சட்டமே செய்யவேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் நடந்த கொடுமைக்கு வேறு ருசு வேண்டுமோ?

வேலைநேரத்தைக் குறைக்கக் கேட்டபோது கல்விமான்கள் என்ன சொன்னார்கள்? ஆக்ஸ்போர்டில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த நாசோ சீனியர், ஆலையின் நிகரலாபம் முழுவதும் கடைசி ஒரு மணி நேரத்திலேயே பிறக்கிறது, அதைக் குறைத்தால் லாபமே அழியும் என்று 1837-இல் வாதித்தார். 10 ஆண்டுகள் கழித்து, பெண்டிருக்கும் இளைஞருக்கும் நாளொன்றுக்கு 10 மணி நேரமே வேலை என்ற சட்டம் நிறைவேறியது. லாபம் அழியவில்லை, இங்கிலாந்தின் லங்காஷயர் துணி அதன் பிறகும் உலகத்தின் சந்தைகளை நிறைத்தது.

இயந்திரமே ஓய்வைத் தருவதாயின், ஒரேவித இயந்திரம் ஓடும் இடங்களிலெல்லாம் ஒரேவித ஓய்வு இருந்திருக்க வேண்டும். லங்காஷயரில் ஓடிய அதே வகை நூற்பு இயந்திரங்களும் தறிகளும் நம் நாட்டிலும் ஓடின. ஆனால் நெசவாலைகளில் வேலைசெய்யும் ஆடவருக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்னும் எல்லையையே இந்தியச் சட்டம் 1911-இல்தான் முதன்முதலாக வகுத்தது. 1918-இல் சென்னையில், வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு. வி. கலியாணசுந்தரனாரின் துணையோடு தொழிலாளர் சங்கம் எழுந்தது. தேசமெங்கும் வேலைநிறுத்தங்கள் பெருகின. 1922-இல் வாரத்துக்கு 60 மணி என்றும், சுதந்திரத்திற்குச் சற்று முன் 1946-இல் 48 மணி என்றும் சட்டம் இறங்கிவந்தது. இங்கு மாறியது இயந்திரமன்று. தொழிலாளரின் ஒற்றுமையும் அதற்குச் செவிசாய்த்த சட்டமுமே.

இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. ஏழையின் உடலுக்கும் மலிவாகத் துணி கிடைக்கச் செய்தது அதுவே. பலனைப் பெருக்குவது அதன் தொழில். பங்கிடுவது மனிதரின் தர்மம். ஆகையால், புதிய இயந்திரங்களைக் காட்டி, பொறுத்திருங்கள், ஓய்வு தானே வரும் என்று சொல்வாரை நம்பவேண்டா. சங்கத்தில் சேருங்கள், சட்டத்தைக் கேளுங்கள், பெற்ற சட்டத்தைக் கண்போலக் காத்துக்கொள்ளுங்கள்.