தாத்தாவின் வெறுங்கால்

"தாத்தா வெறுங்காலோடு பால்மரம் சீவினார், உங்களுக்கு மலையேறத் தனிக் காலுறை கேட்கிறதா?" என்கிறார் கிள்ளான் நண்பர். சீவினார்தான். தோட்டத்து ஈரமண்ணிலிருந்து கொக்கிப்புழு ஏறியதும் அந்த வெறும்பாதத்தின் வழியாகத்தான். அதை நண்பர் ஏன் சொல்லாமல் விட்டுவிட்டார்?

வெப்பநாட்டுக்குப் பருத்தியே ஏற்றதாம். சட்டைக்குச் சரி. சப்பாத்துக்குள் காற்று ஏது? உறிஞ்சிய வியர்வையைப் பருத்தி எளிதில் விடாது; கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் காயவும் காயாது. ஊறிய தோல், புக்கிட் காசிங் இறக்கத்தில் உராய்ந்து கொப்புளிக்கும். நீரிழிவால் மரத்துப்போன காலென்றால் (நம்மவரிடையே அது கொஞ்சமா?) கொப்புளம் புண்ணான பிறகே தெரியும்.

மலையேற்றக் காலுறை விலை அதிகம் என்று அவர் சொல்வது நியாயம். மெரினோ கம்பளிக் காலுறை கட்டாயமில்லை. 'அடிடாஸ் கம்போங்' என்று இங்கே செல்லமாகச் சொல்லும் கறுப்பு ரப்பர் சப்பாத்தும் பாலியெஸ்டர் காற்பந்துக் காலுறையும் போதும். பலர் அப்படித்தான் ஏறுகிறார்கள். மழைக்குப்பின் காட்டுக்குள் போனால் மட்டும் அட்டைக்காலுறை வேண்டும்: நெருக்கமான துணி, முழங்கால்வரை, மற்றக் காலுறைக்கு மேலே. பின்னலின் இடைவெளியில் அட்டை புகுந்துவிடும்.

நண்பர் தம் பருத்திக் காலுறையைப் பிரிக்பீல்ட்ஸ் கல்யாண விருந்துக்குப் போட்டுக்கொள்ளட்டும்.