‘நீக்கு’ என்னுமுன் நில்!

வேண்டாததை நீக்குவது எளிது என்று எண்ணுகிறோம். வீட்டில் பழம்பொருளை அகற்றினால் இடம் மிஞ்சும். லினக்ஸ் கணினியிலோ, சிறு மென்பொருள் ஒன்றை நீக்கப் போய் முகப்புத்திரையையே பறிகொடுத்தோர் பலர். பின்பு அவர்கள் சொல்வது ஒன்றே: “லினக்ஸ் நமக்கு ஆகாது!” இந்தத் தீர்ப்பு சரிதானா?

நண்பர்களே, இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. கோபர்கைரனேயில் அறை வாடகையும் மெஸ் கட்டணமும் கொடுத்தபின் புதுக் கணினி வாங்க நம்மில் எத்தனை பேரால் இயலும்? பழைய கணினிக்கு உயிர் தருவது லினக்ஸ். அதனை அச்சத்தால் இழப்பது நமக்கே நட்டம்.

நடப்பது என்ன? 1993இல் தொடங்கிய டெபியனிலும், அதன் வழிவந்த உபுண்டுவிலும் மென்பொருள்கள் பொதிகளாக வருகின்றன. ஒவ்வொரு பொதியும் தனக்கு எவையெவை துணை வேண்டும் என்று அறிவிக்கிறது. இதுவே சார்பு. துணை போனால், அதனைச் சார்ந்ததும் போகும். பந்தற்காலைப் பிடுங்கிவிட்டுக் கூரை மட்டும் நிற்கட்டும் என்றால் நிற்குமா? உபுண்டுவின் பல கருவிகள் பைத்தானைக் கொண்டு இயங்குகின்றன. ‘பழைய பைத்தான்தானே’ என்று கணினியோடு வந்த பைத்தானை நீக்கினால், முகப்புத்திரையும் உடன் சரிகிறது.

இன்னொரு வழியும் உண்டு. ‘உபுண்டு டெஸ்க்டாப்’ என்னும் பொதி பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியலே. அதற்கு இன்றியமையாத ஒன்றை நீக்கினால் அந்தப் பட்டியலும் நீங்கும். பிறகு ‘ஆட்டோரிமூவ்’ என்ற கட்டளையை இட்டால், கேட்பாரற்றவை என்று கருதி மற்றவற்றையும் கணினி அள்ளிக்கொண்டு போகக்கூடும்.

குற்றம் யாருடையது? ‘படிக்காமல் ஒய் தட்டியவன் குற்றம்’ என்பர் வல்லுநர். அது பாதி உண்மையே. 2021 நவம்பரில், யூடியூபில் புகழ்பெற்ற லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். பொதிகளுக்குள் இருந்த முரண்பாட்டால், நிறுவும் கட்டளையே முகப்புத்திரையை நீக்க முனைந்தது. எச்சரிக்கை வந்தது, ‘ஆம், நான் சொன்னபடி செய்’ என்று தட்டச்சிடச் சொன்னது, அவரும் தட்டினார், திரை போயிற்று. கணினியே தொழிலாகக் கொண்டவர் நிலை இதுவானால், முதலாண்டு மாணவரைக் குறை கூறலாமா? அதன்பின் ஏப்டி நிரலைக் காப்போர், அந்த ஒரு வாசகத்தால் இன்றியமையாப் பொதிகளை நீக்கும் வழியை அடைத்தனர். எச்சரிக்கை மட்டும் போதாது, தடுப்பும் வேண்டும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்றே கொள்கிறேன்.

ஆயினும் நம் கடமை தீர்ந்துவிடவில்லை. நீக்குமுன், ‘சிமுலேட்’ என்ற ஒத்திகைக் கட்டளையால் எவை போகும் என்று பார்க்கலாம். ஒன்றை நீக்கக் கேட்டு ஐம்பது பெயர் வந்தால், ‘என்’ தட்டி விலகுக. திரை போய்விட்டாலும் கலங்க வேண்டா. பொதிகளை நீக்குவது உங்கள் ஆய்வேட்டையும் குறிப்புகளையும் அழிப்பதன்று. அவை உங்கள் கோப்புறையிலேயே இருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துத்திரை கிடைக்கும். எவை நீங்கின என்பதை ஏப்டியின் வரலாற்றுப் பதிவேடு சொல்லும். இணைய இணைப்பு இருந்தால் அவற்றை அங்கிருந்தே மீண்டும் நிறுவலாம்.

இதனைத் தமிழில் சொல்லித்தர நம் மன்றம் மாதம் ஒரு மாலை ஒதுக்குதல் வேண்டும். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்த நமக்கு, விழுந்த திரையை நிறுத்தத் தெரியாதா? அறிந்தவர் வருக, அறியாதவர் தம் கணினியோடு வருக!